அழுவதற்கு ஓர் இடம்

ஈழத்துக்கு உதவி என்றால் நம் சங்கங்கள் உடனே திரட்டுவது கூரைத் தகடு, தையல் மெஷின், பள்ளிக்கூடப் பை. எல்லாம் தேவைதான். ஆனால் ராத்திரியெல்லாம் விழித்திருக்கும் அம்மாவுக்கு, பட்டாசு சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் ஒளியும் பிள்ளைக்கு நாம் என்ன அனுப்புவது? இந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் தேடியவர்கள் இருக்கிறார்கள். அந்த வரலாறுதான் இந்தப் பதிவு.

யாழ்ப்பாணத்தில் 1987ல் 'சாந்திகம்' என்ற ஆலோசனை நிலையம் ஆரம்பித்தது. அன்றைக்கு வடக்கில் இருந்த மனநல மருத்துவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாழ் மருத்துவ பீடப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் அதனால் ஊருக்குள்ளேயே ஆட்களைத் தயார் செய்தார்கள். ஆசிரியர்களும் ஊர்த் தொண்டர்களும் பயிற்சி பெற்றார்கள்.

மருந்தை மட்டும் அவர் நம்பவில்லை. மூச்சுப் பயிற்சியோடு, இந்துக்களுக்கு 'ஓம்' ஜெபம், கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ர். அவரவர் வீட்டில் ஏற்கனவே இருந்ததுதான் சிகிச்சை! 1995 அக்டோபர் 30ல் வலிகாமமே ஒரே இரவில் காலி ஆனது. அப்படி ஊர், கோயில், உறவு எல்லாம் சேர்ந்து கலையும்போது காயம் ஒரு மனிதனுக்கு மட்டுமல்ல, சமூகத்துக்கே ஏற்படுகிறது என்று பின்னாளில் விரிவாக எழுதினார்.

கிழக்கில் வேறு மாதிரி. 1990ல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த மட்டக்களப்பில் 1996ல் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் கனடாவின் ஓவியக் கலைஞர் பால் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் திறந்தார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள். "என்ன நடந்தது, சொல்லு" என்று யாரும் துருவவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு பல வெளிநாட்டு அமைப்புகள் கேள்விப் பட்டியலோடு வந்து, சீக்கிரமே திரும்பிப் போயின. தங்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்.

பிறகு 2009. நாற்பதாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழு. உயிர் தப்பிய சுமார் மூன்று லட்சம் பேர் முகாம்களில் அடைபட்டார்கள். வன்னியில் வீடு கட்ட அனுமதி கிடைத்தது, மனநலப் பணிக்கு அனுமதி கிடைப்பது பெரும்பாடு.

நான் பேத்தமங்களாக்காரன். தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்த ஏரி எங்கள் ஊரில்தான். சுரங்கத்தில் பாறை வெடித்து ஆள் இறந்தால் லைன் முழுக்க அந்த வீட்டு வாசலில் நிற்கும். கருமாதி முடிந்தால்தான் அந்த வீடு மெல்ல மீளும். யாழ்ப்பாணத்தில் எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் அதற்குத்தான். முள்ளிவாய்க்காலில் உடலைப் புதைக்கக்கூட நேரமில்லை. காணாமல் போனவர்களின் அம்மாக்கள் நிலைமை அதைவிடக் கொடுமை. திவசம் கொடுத்தால் பிள்ளை இறந்துவிட்டான் என்று தானே சொன்னதாகிவிடும். கொடுக்காமல் காத்திருந்தால் அந்தக் காத்திருப்புக்கு முடிவே இல்லை. 2017 பிப்ரவரி 20ல் கிளிநொச்சியில் அவர்கள் தெருவோரம் உட்கார்ந்தது இதனால்தான்.

ஒவ்வொரு மே மாதமும் அங்கே கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். 2024ல் திருகோணமலை மாவட்டத்தில் அதற்கும் கைது! கூடி அழுவதே ஒரு மருந்து. அந்த மருந்துக்குத்தான் இவ்வளவு தடை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை பணம் அனுப்பும்போது மூன்று கேள்வி கேளுங்கள். வேலை செய்பவர் அந்த ஊர்க்காரரா? ஐந்து வருடம் கழித்தும் அங்கே இருப்பாரா? மக்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச, நினைவுகூர இடம் தருகிறாரா? கூரைத் தகடு போல இதற்குப் புகைப்படம் வராது. ரசீது மட்டும்தான் வரும். பரவாயில்லை, அனுப்புங்கள்.