பாஸ் இயங்குதளமும் பராமரிப்புக் கடமையும்

இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. மென்பொருளை வெளியிடுவது தொடக்கம்தான், தொடர்ந்த பராமரிப்பே அதை வாழவைக்கிறது என்பதே அதன் வரலாறு தரும் பாடம். பாஸின் அடித்தளம் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம். 2013 மே மாதம் வந்த டெபியன் 7-க்கான நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 மே மாதத்தோடு நின்றன. அதன்பின்னும் அந்த அடித்தளத்திலேயே ஓடும் கணினிகளில், புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும்.

மூலநிரல் திறந்திருக்கிறதே, யாரும் திருத்தலாமே என்பார்கள். உரிமை உண்டு, ஆனால் உரிமை தானாக வேலை செய்யாது. திருத்தங்களைத் தொகுத்து, சோதித்து, கணினிகள் அவற்றைப் பதிவிறக்கும் மென்பொருள் களஞ்சியத்தில் சேர்க்க ஆட்கள் வேண்டும். இணைய வேகம் குறைந்த பள்ளிகளுக்கு அருகிலேயே களஞ்சிய நகல் வேண்டும். கட்டற்ற மென்பொருளை ஏற்கும் அரசு, உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்பாளர்களின் சம்பளத்துக்கு ஒதுக்க வேண்டும்.