பழி சுமந்த பெட்டி

1958. பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும் நீள நீளமான கார்கள் அமெரிக்க ரோடுகளை அடைத்துக்கொண்டு ஓடிய காலம். அந்த வருடம் க்ரைஸ்லர் கம்பெனி தன் உயர்ரக கார்கள் சிலவற்றில் ஒரு புதுச் சமாசாரத்தை மாட்டி விற்றது. பெயர் ‘எலெக்ட்ரோஜெக்டர்’. பெண்டிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி கணக்குப் போடும். அந்த அளவுக்குப் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கப்படும். கார்புரேட்டருக்கு வேலையே இல்லை!

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், விற்றது சுமார் 35 கார்கள். அவற்றிலும் பெரும்பாலானவை திரும்பி வந்து, புதுப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கார்புரேட்டரை மாட்டிக்கொண்டு போயின. பானெட்டுக்குள் இருக்கும் சூட்டையும் குலுக்கலையும் தாங்கும் சக்தி அந்தக் கால எலெக்ட்ரானிக் பாகங்களுக்கு இல்லை. பெட்டிக்குக் கெட்ட பேர் வந்தது. அந்தப் பேர் அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்து வந்த நல்ல பெட்டிகளின் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டதுதான் வேடிக்கை.

பெண்டிக்ஸின் காப்புரிமை ஜெர்மனியின் போஷ் கம்பெனியிடம் போனது. 1967-ல் போஷ் ‘டி-ஜெட்ரானிக்’ என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. முதலில் வாங்கி மாட்டியது ஃபோக்ஸ்வேகன் 1600. அமெரிக்காவில், முக்கியமாக கலிபோர்னியாவில், புகைக்குக் கட்டுப்பாடு இறுகிக்கொண்டிருந்தது. அங்கே கார் விற்க வேண்டுமானால் பெட்ரோலை அளந்து செலவழித்தாக வேண்டும். இந்த முறை பெட்டி உறுதியாகவே இருந்தது. உள்ளே மைக்ரோபிராசசர்கூட கிடையாது. (முதல் மைக்ரோபிராசசரை இன்டெல் விற்க ஆரம்பித்ததே 1971-ல்தான்!) வெறும் டிரான்சிஸ்டர், டையோடு, ரெசிஸ்டர் சமாசாரம்தான்.

அது எப்படி வேலை பார்த்தது? காமர்ஸ் படித்தவனுக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். அந்தப் பெட்டி ஒரு கணக்குப்பிள்ளை. இருட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறார். இன்ஜினைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஒயர் வழியாக வவுச்சர்கள் வரும். காற்று எவ்வளவு போகிறது, சூடு எவ்வளவு, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார்கள்... எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, ‘இன்ஜெக்டரை இத்தனை மில்லி செகண்ட் திற’ என்று உத்தரவு போடுவார். அழுத்தத்தை மாறாமல் வைத்திருப்பதால், திறந்திருக்கும் நேரம்தான் பெட்ரோலின் அளவு. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும் வேலை!

சரி, வவுச்சரே தப்பாக வந்தால்?

இன்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் அதன் மின்தடை சுமார் 2,500 ஓம். 80 டிகிரிக்கு வந்ததும் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். சூடு ஏற ஏற ஓம் குறையும். இப்போது அந்த ஒயரின் இணைப்பில் பச்சையாகக் களிம்பு பிடித்து, ஓர் ஆயிரம் ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். இன்ஜின் அங்கே கொதித்துக்கொண்டிருக்கிறது. கணக்குப்பிள்ளையோ ‘வெதுவெதுப்பாகத்தானே இருக்கு’ என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோலை அனுப்புகிறார். ஒயர் சுத்தமாக அறுந்துபோனால் இன்னும் மோசம். பனிப் பிரதேசத்தில் நிற்கிறோம் என்று முடிவுகட்டி பெட்ரோலைக் கொட்டுவார். கறுப்புப் புகை, கரி பிடித்த ஸ்பார்க் பிளக், அதலபாதாளத்தில் மைலேஜ். கணக்கில் ஒரு பைசா தப்பில்லை. வவுச்சர்தான் தப்பு!

போஷ்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஒர்க்‌ஷாப்புகளுக்கு ஒரு சோதனைக் கருவி கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் பெட்டியின் பிளக்கைக் கழற்றி, கருவியில் சொருக வேண்டும். அது ஒவ்வொரு ஒயராக, ஒவ்வொரு சென்சாராகச் சோதிக்கும். எதைச் சோதிக்காது தெரியுமா? கம்ப்யூட்டரை! மற்ற எல்லாமே சரியாக இருந்தால் மட்டும் கடைசியாகப் பெட்டியைச் சந்தேகப்படு என்பதுதான் தயாரித்தவர்களின் கட்டளை.

யார் கேட்டார்கள்? சூட்டில் வெந்து விறைத்து, தொட்டால் உதிரும் ஒயர்களை அப்படியே விட்டுவிட்டு, விலை உயர்ந்த பெட்டியை மாற்றினார்கள். அப்போதும் சரியாகவில்லை என்றதும் முழு அமைப்பையும் பிடுங்கி எறிந்தார்கள். போர்ஷே 914 கார்கள் பலவற்றில் நல்ல இன்ஜெக்‌ஷன் அமைப்பு குப்பைக்குப் போய் கார்புரேட்டர் ஏறியது இப்படித்தான்.

அப்புறம் பெட்டியே வாய் திறந்து பேச ஆரம்பித்தது. 1988 மாடல்களிலிருந்து கலிபோர்னியா அதைக் கட்டாயமாக்கியது. 1996-ல் அமெரிக்கா முழுக்க ஒரே மாதிரியான கோடு வந்தது. பிரச்னை தீர்ந்ததா? இல்லை. ‘வெப்ப சென்சார் கோளாறு’ என்று கோடு வந்தால், அதற்கு அர்த்தம் ‘அந்த வவுச்சர் எனக்குச் சரியாக வரவில்லை’ என்பதுதான். கெட்டது சென்சாரா, ஒயரா, பின்னா என்று பெட்டி சொல்லாது. சென்சாரை மாற்றிவிட்டு, அதே கோடு மறுபடி வருவதைப் பார்த்து முழித்தவர்கள் ஏராளம். 1990-களின் நடுவில் வந்த சில மெர்சிடிஸ் மாடல்களில், சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று போட்ட ஒயர் உறையே இன்ஜின் சூட்டில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மெர்சிடிஸுக்கே அந்தக் கதி!

‘நமக்கென்ன வந்தது?’ என்கிறீர்களா? 1999-ல் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதியில் யூரோ விதிகளைத் துரிதப்படுத்தியது. அதையொட்டித்தான் நம் ஊர் கார்களின் பின்னால் ‘எம்.பி.எஃப்.ஐ.’ என்ற எழுத்து பளபளக்க ஆரம்பித்தது. அந்தக் கார்களுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. ஒயர்களுக்கும்தான்.

அதனால், பழைய காரை இப்போதும் ஓட்டுகிறவர்கள் வரிசையை நினைவில் வையுங்கள். முதலில் பேட்டரி வோல்டேஜ். அடுத்து எர்த் இணைப்புகள். கழற்றி, சுரண்டி, முறுக்கி மாட்டச் சொல்லுங்கள். பிறகு பெட்ரோல் அழுத்தம். அப்புறம் சென்சார்களும் அவற்றின் ஒயர்களும். வண்டி ஓடும்போதே ஒயரை ஆட்டிப் பார்த்தால் பாதிக் குற்றவாளிகள் மாட்டிக்கொள்வார்கள். பம்ப் ஒயரிலோ எர்த் ஒயரிலோ ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மல்டிமீட்டர் ‘பீப்’ என்று நல்ல சர்டிபிகேட் கொடுத்துவிடும். அதனால் கரன்ட் ஓடும்போது ஒயரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அந்த ஒயரை விடாதீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கம்ப்யூட்டர்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்த மறுநிமிஷம் ‘கம்ப்யூட்டர் போயிடுச்சு சார்’ என்றால், கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

‘‘எர்த் பார்த்தீங்களாண்ணே?’’