அழகுக்கு வந்த புல்

போன விடுமுறையில் எங்களில் ஒருவரின் வீட்டு முன்வளவைக் கிண்டினோம். மலேசியப் புல் பதித்து மூன்று வருஷம். தண்ணி ஊத்த ஊத்தப் புல்லை முந்திக்கொண்டு கோரைதான் வந்தது. ‘மருந்தடிச்சா ஒரு கிழமையில முடிஞ்சிரும்’ என்றார்கள். ஆனா கிணறு பத்தடியில் இருக்கு. கல்முனைக் கரையோரம் மணல் பூமி. மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்குத்தான் போகும். அதனால் மண்வெட்டியை எடுத்தோம். கிண்டும்போது ஒரு கேள்வி வந்தது: இந்தப் புற்றரை நம்ம பக்கம் எப்படி வந்தது?

உம்மம்மாமார் காலத்து முற்றம் வெறும் மணல். சுபஹுக்குப் பிறகு ஈர்க்கில் விளக்குமாற்றால் கூட்டுவாங்க. முளைச்ச புல்லு கையோட போயிரும். பாம்பு, பூரான் வந்தாலும் மணலில் தெரியும். புற்றரையோ இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைப் பழக்கம். 1830இல் எட்வின் படிங் புல்வெட்டும் இயந்திரத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். பிறகு அது நடுத்தர வீடுகளுக்கும் இறங்கியது. வெள்ளைக்காரரின் பங்களாக்களோடும் கிளப்புகளோடும் இலங்கைக்கு வந்தது. அங்கே வருஷம் முழுக்க மழை; இங்கே மாரி முடிஞ்சா மாதக்கணக்கில் வெயில்.

அழகுக்கென்று வந்தது தொல்லையாவது புதுசில்லை. கிட்டங்கியில் தண்ணீரை மூடும் ஆற்றுவாழை தென்னமெரிக்கச் செடி; இங்கே அலங்காரப் பூவாக வந்தது. 1909இலேயே அதை ஒழிக்கத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. சல்வீனியா 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்காகக் கொண்டுவரப்பட்டு, குளத்துக்கும் வயலுக்கும் பரவியது. 1986இல் அதைத் தின்னும் சின்ன வண்டை விட்ட பிறகுதான் பல இடங்களில் அடங்கியது.

களைநாசினிக்கும் ஒரு வரலாறு உண்டு. சிறுநீரக நோய் அச்சத்தில் 2015இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதி; 2022இல் தடை நீங்கியது. சட்டம் மாறினாலும் கிணறு அதே இடத்திலதான் இருக்கு.

புல்லைப் பாளம் பாளமாகப் பெயர்த்து, வேர் மேலே தெரியக் காயப்போட்டோம். ‘கோரைய வெட்டாதீங்க மக்காள், கிழங்கோட கிண்டுங்க’ என்று உம்மம்மா கதிரையில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தா. அவ சொன்னது சரி. விட்டுப்போன கிழங்கெல்லாம் மூன்று கிழமையில் முளைத்தது, திரும்பக் கிண்டினோம்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேணும். மணல் முற்றம் சும்மா சுத்தமாக இருக்கவில்லை. பெண்கள் தினமும் குனிந்து கூட்டினார்கள், அதனால் இருந்தது. பழைய முற்றம் திரும்ப வேணும், ஆனா விளக்குமாறு மட்டும் உம்மாட கையிலேயே இருக்கட்டும் என்றால் அது நியாயமில்லை. இப்ப அந்த வீட்டில் ஆம்பிளப் பிள்ளைகளும் முறை வைத்துக் கூட்டுகிறார்கள்.