நீற்றுக் குழியிலிருந்து சிமெண்ட் மூட்டைக்கு

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை 1970-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு அது, 1976-இல் உருவான தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் கைக்கு வந்தது. அரசு ஆலை தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, துலுக்கப்பட்டியில், ராஜபாளையத்துக்காரரான பி.ஏ.சி. ராமசாமி ராஜா நிறுவிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. இந்த வட்டாரத்து மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லே இரண்டுக்கும் ஆதாரம். ஆலைகளின் வரலாற்றை உற்பத்தி, வேலைவாய்ப்பு என்றே எழுதிப் பழகிவிட்டோம். கட்டடத் தொழிலாளியின் கண்ணுக்கும் கைக்கும் அந்த வரலாற்றில் இடம் வேண்டும். சிமெண்ட் சுண்ணாம்பின் ஆபத்தைக் குறைத்தது உண்மை. ஆபத்தைப் பற்றிய அறிவையும் சேர்த்தே வேலைத்தளத்திலிருந்து அப்புறப்படுத்திவிட்டது என்பது என் வாதம்.

சுண்ணாம்புக் கல்லைக் காளவாசலில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால், சுத்தமான கல் 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். மிஞ்சும் 56 கிலோதான் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீரைக் கண்டால் அது சும்மா இருக்காது. ஊற்றிய தண்ணீரையே கொதிக்கவைக்கும். கடைசியில் நிற்பது ஒரு காரம், கால்சியம் ஹைட்ராக்சைடு. குழியில் நீற்றும்போது கட்டிகள் விரிசலிட்டு உடையும், ஆவி கிளம்பும், குழம்பு கொப்பளித்துத் தெறிக்கும். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆபத்து இப்படிக் கண்ணெதிரே நின்றதால் யாரும் அங்கே அலட்சியமாக நிற்க முடியாது. நீறாத துணுக்கு சுவருக்குள் போனால் பின்னால் பூச்சைப் பெயர்த்துத் தள்ளும் என்பதால், நீற்றியதை நாள்கணக்கில் ஊறப்போட்டார்கள். பிறகு மணலோடு சேர்த்து அரைத்துக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரம் இந்தக் காரைக் காலத்துக்கு உரியது.

சென்னையில் 1904-இல் கிளிஞ்சலிலிருந்து சிமெண்ட் செய்யும் முயற்சி நடந்து, நிலைக்காமல் போனது. 1914-இல் போர்பந்தரில் சிமெண்ட் உற்பத்தி தொழிலாக வேரூன்றியது. சிமெண்ட் உலையில் 1450 டிகிரி வாக்கில் சுண்ணாம்பு, களிமண்ணிலுள்ள சிலிக்காவோடும் அலுமினாவோடும் பிணைந்துவிடுகிறது. சீறுகிற சுண்ணாம்பு தனியாக மிகக் குறைவாகவே மிஞ்சும். ஆகவே குழியின் கொதிப்பு ஆலைக்குள்ளேயே முடிந்தது. காரம் முடியவில்லை. கலவையில் தண்ணீர் விட்டதும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடு திரும்ப உண்டாகிறது. அதன் காரத்தன்மை pH அளவில் 12-ஐத் தாண்டும். தளம் போடும்போது ஈரக் கலவையில் முழங்கால் ஊன்றியிருப்பவருக்கு முதலில் வலியே தெரியாது. சில மணி நேரம் கழித்துத் தோல் வெந்து புண்ணாகியிருக்கும். சிமெண்டில் கலந்திருக்கும் குரோமியத்தால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை வந்து, பிழைப்பையே மாற்றிக்கொள்ள நேரிடுகிறது.

சுண்ணாம்பு வேலையில் கண் போனவர்களை மறந்துவிட்டுப் பழம்பெருமை பேசுகிறாய் என்று யாராவது கேட்கலாம். நீற்றுக் குழி திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏழைக்கும் எட்டும் விலையில் விரைவாக எழும் வீடு சிமெண்டால் வந்தது, அதை இழக்கக் கூடாது. விபரம் தெரிந்த கொத்தனார் தானே கவனமாக இருப்பாரே என்பது அடுத்த கேள்வி. கொதித்துத் தெறிப்பது தன் ஆபத்தைத் தானே சொல்லிவிடும். வலிக்காமல் சுடுவதை ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும். கலவைச் சட்டி சுமக்கும் சித்தாளுக்கு அதைச் சொல்லும் கடமை, கல்லை வெட்டி, சுட்டு, மூட்டை கட்டி விற்பவர்களுக்கும் வேலை கொடுப்பவர்களுக்கும் உண்டு. ரப்பர் கையுறை, பூட்ஸ், கண் கழுவப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர், ஈரக் கலவை பட்ட துணியை உடனே மாற்ற ஓர் இடம் ஆகியவை பெரிய செலவு இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இவற்றை உதவியாக அல்ல, தொழிலாளியின் உரிமையாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.