உத்தரவுக்குக் காத்திருத்தல்

தமிழில் இரண்டு ஊர்ப் பெயர்கள் வசைச் சொற்களாகவும் புழங்குகின்றன. ஒன்று கீழ்ப்பாக்கம். மற்றது ஏர்வாடி. முன்னது 1871இல் காலனிய அரசு நிறுவிய மனநோய் மருத்துவமனை. பின்னது கீழக்கரைக்கு அருகே, சுல்தான் சையிது இப்ராகிம் ஷஹீத் அடங்கியிருக்கும் தர்கா. முன்னதை விஞ்ஞானம் என்றும் பின்னதை மூடநம்பிக்கை என்றும் பிரித்து வைப்பதில் நமது பகுத்தறிவுக்குச் சிரமம் இருந்ததில்லை. எனக்கும் இருந்ததில்லை, அங்கே போய் இரண்டு நாள் உட்காரும்வரை.

மதீனாவிலிருந்து வந்து பாண்டியனோடு போரிட்டு மடிந்தவர், 12ஆம் நூற்றாண்டுக்காரர் என்கிறது மரபு. வண்ணக்களஞ்சியப் புலவர் அந்த வரலாற்றைத் 'தீன் விளக்கம்' என்னும் காப்பியமாக்கினார். எம்.ஏ. தமிழில் அது எங்களுக்கு ஒரு மார்க் கேள்வி, அவ்வளவுதான். காப்பியத்தின் நாயகன் போர்வீரன். சனங்களின் ஷஹீதோ வைத்தியர். விளக்கெண்ணெயும் தர்கா நீரும்தான் மருந்து. பிறகு காத்திருக்க வேண்டும். 'சொகமாயிருச்சு, ஊருக்குப் போ' என்று அவுலியா கனவில் வந்து சொல்லணும். அதற்குப் பெயர் உத்தரவு. அது வர மாதங்களாகலாம், வருடங்களாகலாம்.

மகனோடு வந்திருந்த ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். சிவகங்கைப் பக்கம், இந்து. "பாக்காத ஆஸ்பத்திரி இல்ல தம்பி. ரெண்டு நிமிசத்துல மாத்திரய எழுதிக் குடுத்துப் போகச் சொல்லிருவாக. இங்க யாரும் எந்திரின்னு சொல்லல." நம்பிக்கை என்று நாம் சுருக்கிச் சொல்வதற்குள் இந்த இடம்கொடுத்தலும் இருக்கிறது.

அதே காத்திருப்பிலிருந்துதான் விடுதித் தொழிலும் முளைத்தது. கூடவே தங்க முடியாத குடும்பங்கள் மாதாமாதம் பணம் கட்டிவிட்டுத் திரும்பின. விடுதிக்காரர்கள் சங்கிலி போட்டார்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அப்படியொரு விடுதியின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இறந்தவர்கள் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அன்றைய முதல் கணக்கின்படி, 'சங்கிலியிடப்பட்ட 25 பேரின் மரணம்' என்று வழக்குக்குப் பெயர் வைத்தார்கள். சட்ட நூல்களில் இன்றும் அது 25தான். மூன்று பேர் தங்கள் சாவின் ஆவணத்துக்குள்ளேயே வந்து சேரவில்லை.

தர்காவை விடுவிப்பதற்காக இதை எழுதவில்லை. அதன் நிழலில்தான் சங்கிலி இருந்தது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு பூட்டிவைப்பதைத் தர்கா கண்டுபிடிக்கவில்லை. 1794இல் கம்பெனி ஆதரவோடு மதராசின் முதல் பைத்தியக்கார விடுதியைத் தொடங்கிய டாக்டர் வாலன்டைன் கனோலி நடத்தியதும் தனியார் விடுதிதான். உரிமமின்றி இத்தகைய விடுதி நடத்தக் கூடாது என்று 1987இலேயே சட்டம் வந்தாச்சு. ஏர்வாடியில் அதை அமல்படுத்த 28 சாவு வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் விடுதிகள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்குப் போனார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது.

ஃபூக்கோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஐரோப்பியக் காப்பகங்களின் அதிகாரத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. மருத்துவம், மதம், அரசு என்று மூன்றையும் விசாரணைக்கு உட்படுத்துகிறோம். மாதாமாதம் மணியார்டர் அனுப்பிய வீட்டை மட்டும் விட்டுவிடுகிறோம். அது நம்முடைய வீடு என்பதாலா?

கிளம்பும்போது அந்த அம்மாவிடம் கேட்டேன்: "உத்தரவு வந்துட்டா ஊருக்குப் போயிருவீங்களாம்மா?"

"அவுலியா குடுத்துருவாரு தம்பி. வீட்ல மூத்தவனும் மருமகளும் குடுக்கணும்ல."

கோர்ட் உத்தரவால் சங்கிலியை அறுக்க முடியும். அறுத்த பிறகு அந்த ஆள் எங்கே போவது என்ற கேள்விக்கு ஏர்வாடியிலோ கீழ்ப்பாக்கத்திலோ பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் பணம் கட்டிவிட்டு ஊர் திரும்பியவர்கள்.