கர்லாக்கட்டை முதல் புரதப் பொடி வரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் மொழி. பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு அச்சுவரின் அருமை நன்கு தெரியும். ஊரில் நோயுற்றால் தாங்குவதற்கு உற்றார் பலர் உண்டு. இங்கே நம் உடலே நமக்கு முதல் உறவு. ஆதலின் நம் குடியிருப்பு இளைஞரும் மங்கையரும் மாலைதோறும் உடற்பயிற்சிக் கூடம் நோக்கிச் செல்வது கண்டு மகிழ்கிறோம். எனினும், அவர்கள் வீட்டிற்கு வாங்கி வரும் பெரிய பொடி டப்பாவைக் கண்டு பெற்றோர் கவலையுறுவதும் நாம் அறிந்ததே. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் அப்பொடி வேண்டியதுதானா? இதற்கு விடை காணுமுன், நம் நாட்டில் உடல் வலிமை எவ்வாறு வளர்க்கப்பட்டது என்னும் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

பழைய அளவுகோல்

பண்டைய மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை உடற்பயிற்சிக்கு ஓர் அளவு கூறுகிறது. ஒருவன் தன் வலிமையில் பாதியளவே நாள்தோறும் செலவிட வேண்டும்; மூச்சு வாய்வழியே வாங்கத் தொடங்கினால் அதுவே அப்பாதிக்கு அடையாளம் என்பது அதன் கருத்து. கருவி எதுவும் இல்லாத காலத்தில் தன் மூச்சையே அளவுகோலாகக் கொண்ட நுட்பம் வியக்கத்தக்கது. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் நூல், மல்லர்களை அவர்தம் வயது, வலிமை ஆகியவற்றிற்கேற்ப வகைப்படுத்தி, அவர்களுடைய பயிற்சியையும் உணவையும் விரித்துரைக்கிறது. அளவறிந்த உழைப்பும் தக்க உணவும் பிரியாதவை என்பதை அக்காலத்தாரும் உணர்ந்திருந்தனர்.

நம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிடந்த இளவட்டக்கல்லை நாம் மறக்க இயலுமோ? அக்கல்லைத் தூக்கித் தோளின் பின்னே எறிபவனே ஊரார் கண்ணில் ஆண்மகன். தூக்குபவன் ஒருவனேயாயினும், சுற்றி நின்று பார்ப்பது ஊர் முழுவதும் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அகாடாவின் ஒழுங்கு

வடநாட்டில் அகாடா, மராட்டியத்தில் தாலீம் எனப் பெயர் வேறுபட்டாலும் மற்பயிற்சிக் களத்தின் ஒழுங்கு பெரும்பாலும் ஒன்றே. விடியுமுன் மல்லர்கள் மண்வெட்டி கொண்டு களத்து மண்ணைக் கொத்திக் கிளறிப் பண்படுத்துவர். எண்ணெய், மஞ்சள், மோர் முதலியன கலந்து மென்மையாக்கப்பட்ட மண் அது. பின்னர் அனுமனை வணங்கி, ஆசானின் அடி தொட்டுக் களத்தில் இறங்குவர். தண்டாலும் பஸ்கியும் எடுத்தலும், கர்லாக்கட்டை சுழற்றலும் அன்றாடக் கடமைகள். பயிற்சி முடிந்தபின் ஒருவர்க்கொருவர் உடம்பு பிடித்துவிடுவர். பாலும் நெய்யும் வாதுமையும் அவர்தம் சிறப்புணவு.

இத்தகைய களத்தில் உருவானவரே காமா பயில்வான். 1910ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் இலண்டனில் போலந்து வீரர் ஸிபிஸ்கோவை அவர் எதிர்கொண்டார். இரண்டரை மணி நேரத்திற்கு மேலாக ஸிபிஸ்கோ தரையோடு தரையாகக் கிடந்து தம்மைக் காத்துக்கொண்டமையின் முடிவு ஏற்படவில்லை. ஒரு வாரம் கழித்து நடக்கவிருந்த மறுபோட்டிக்கு அவர் வரவேயில்லை. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் பொருதபோது, ஒரு நிமிடம் முடியுமுன்னரே காமா வென்றார். அவர் நாள்தோறும் அருந்திய பாலின் அளவைப் பற்றிக் கதைகள் பல உண்டு. அவருடைய உழைப்பின் அளவை எண்ணுவோர் மட்டும் குறைவு.

மேலைக் காற்று

செருமனியில் 1867இல் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற யூஜின் சாண்டோ, 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். செதுக்கிய சிற்பம் போன்ற அவர் உடலமைப்பு நம்மவர் கருத்தைக் கவர்ந்தது. அவுந்து சமஸ்தானத்து மன்னர் சாண்டோவின் கருவிகளை வாங்கிப் பல்லாண்டு பயின்றபின், சூரிய நமஸ்காரமே போதுமெனக் கண்டு அதனை நாடெங்கும் பரப்பினார். பெங்களூரில் கே. வி. ஐயர் இருவழியையும் இணைத்தார். இரும்புக் கருவிகளோடு யோகாசனத்தையும் சேர்த்துக் கற்பித்து, அஞ்சல் வழியாகவும் பாடம் நடத்தினார். சென்னையில் 1920ஆம் ஆண்டு ஹாரி பக் என்பார் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி, உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது.

வங்கத்து மனோகர் ஐச்சின் கதை இவற்றினும் சுவையானது. நாலடி பதினோரங்குல உயரமே உடைய அவர், ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறை புகுந்தார். கருவி எதுவுமின்றிச் சிறைக்குள்ளேயே பன்மணி நேரம் பயின்றார். 1952இல் தம் உயரப் பிரிவில் ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’ பட்டம் பெற்று, நூறாண்டு கடந்து வாழ்ந்து, 2016இல் மறைந்தார். தம் வலிமைக்குக் காரணமாக அவர் போற்றிய உணவு, நம் வீட்டுப் பழையதின் உடன்பிறப்பாகிய வங்கத்துப் பாந்தா சோறு!

துணை நிற்கும் முறை

முற்காலத்தில் தரையில் மல்லாந்து படுத்தே பெரும்பளுவை உயர்த்தினர். இருபதாம் நூற்றாண்டின் இடையில் விசிப்பலகையில் படுத்து உயர்த்தும் ‘பெஞ்ச் பிரெஸ்’ பரவியது. தோற்றுப்போன பளு கழுத்தின்மேல் விழக்கூடும் ஆதலின், தலைமாட்டில் ஒருவர் துணை நிற்கும் வழக்கமும் வேரூன்றியது. அகாடாவில் ஆசான் ஆற்றிய காவல் இங்கே தோழனிடம் வந்து சேர்ந்தது எனலாம்.

இத்துணைக்கும் இலக்கணம் உண்டு. துணை வேண்டுபவர் பணிவுடன் கேட்க வேண்டும். ஆனால் ஒருவர் பயிற்சியின் நடுவில் இருக்கும்போது கேட்டலாகாது. எத்தனை முறை உயர்த்தப் போகிறோம், எப்போது கைகொடுக்க வேண்டும் என்பதை இருவரும் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். நிற்பவர் கண்ணை அங்குமிங்கும் ஓடவிடாமல், கையைக் கோலின் அருகே வைத்து, பளு நின்றுபோன பின்னரே தொட வேண்டும். முன்னதாகவே தூக்கிவிடுவது உயர்த்துபவரின் உழைப்பைக் களவாடுவதாகும். கைப்பளுக்களுக்குத் துணை நிற்குங்கால் முழங்கையைத் தாங்குதல் தவறு. மணிக்கட்டின் அருகே தாங்குதல் முறை. தன்னால் தாங்க இயலாத பளுவாயின், இயலாது என்று சொல்லிவிடுவதே நட்பு. கைப்பேசியில் ஆழ்ந்தவரைத் துணைக்கு வைத்தல், துணையின்றி உயர்த்துவதினும் கொடிது. உயர்த்துபவர் அவரை நம்பியன்றோ கூடுதல் பளு ஏற்றுகிறார்! பயின்றபின் பலகையின் வியர்வையைத் துடைத்தலும், தட்டுகளை உரிய இடத்தில் வைத்தலும், அகாடா மல்லர் மண் கொத்தியதற்கு ஒப்பான கடமைகள்.

டப்பாவின் வரலாறு

பொடி விற்பது புதுமையன்று. சாண்டோவே தம் பெயரால் கோக்கோ விற்றார். 1950களில் அமெரிக்காவின் பளுக்கருவி வணிகரான பாப் ஹாஃப்மன், சோயா மாவில் சாக்லேட் சுவை சேர்த்துப் புரதப் பொடியாக விற்றார். வலிமை மிக்கவர் படமும் ஒரு டப்பாவும் அன்றுதொட்டே இணைபிரியாதவை.

இனி, நம் நாட்டு ஆராய்ச்சி கூறுவதைக் காண்போம். நீலகிரிக் குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவே, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை மெக்காரிசன் குன்னூரில் எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, காய்கறி ஆகியவை கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியே மிகுந்து பால் குறைந்த சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை பின்தங்கின. வேறுபாடு குருதியில் இல்லை, தட்டில் உள்ளது என்பதே இதன் பொருள். வடநாட்டில் வாழும் நாம் இதனை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

அதே நிறுவனம் அண்மையில் வகுத்த கணக்குப்படி, வளர்ந்தோர்க்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் போதும். அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு இது ஏறத்தாழ 50 கிராம். கடும்பளுப் பயிற்சி செய்வோர்க்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பயன் தரும் என்பது விளையாட்டு மருத்துவ ஆய்வுகளின் முடிவு; அதாவது 96 கிராம். அரை லிட்டர் பாலில் 16 கிராம், நூறு கிராம் பருப்பில் 22, இரண்டு முட்டையில் 12, ஐம்பது கிராம் வேர்க்கடலையில் 12 எனக் கூட்டினாலே 62 ஆகிறது. எஞ்சியதன் பெரும்பகுதியைச் சோறும் சப்பாத்தியும் தயிரும் சுண்டலும் நிரப்பிவிடும். தசையை வளர்க்கப் புரதப் பொடிகளைத் தவிர்க்குமாறு 2024ஆம் ஆண்டு வெளியான அந்நிறுவனத்தின் உணவு வழிகாட்டியும் அறிவுறுத்தியுள்ளது.

பொடியெல்லாம் நஞ்சு என்று கூறுவதும் நேர்மையன்று. ‘வே’ புரதம் என்பது, பாலைத் திரித்துப் பனீர் எடுக்கையில் வடியும் நீரிலிருந்து பெறப்படுவதே. சமைக்க நேரமில்லாதவர்க்கு அது வசதி, அவ்வளவே. ‘கிரியாட்டின்’ என்னும் பொருள் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் அளவில் பளுத் தூக்குவோர்க்குச் சிறிது உதவுவது பல ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளது; புலால் உண்ணாதார் உடலில் அது இயல்பாகவே குறைவு. சிறுநீரக நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. விரைவில் உடலைப் பருக்க வைப்பதாகக் கூறிப் பெயரும் உரிமமும் இன்றி விற்கப்படுபவற்றையோ எவரும் தீண்டலாகாது. அவற்றில் ஊக்க மருந்துகள் மறைந்திருக்கக்கூடும்.

ஆகவே பெற்றோர்க்கு நாம் சொல்வது இதுதான்: டப்பாவைக் கண்டு சினவாமல், முதலில் பிள்ளையின் தட்டைப் பாருங்கள், பாலும் பருப்பும் கூடட்டும். இளைஞர்க்குச் சொல்வது இது: பொடிக்குச் செலவிடுமுன் நல்லதொரு பயிற்சியாளரையும், நம்பத்தக்க ஒரு தோழரையும் தேடிக்கொள்ளுங்கள். நம் குடியிருப்பிலேயே அத்தகைய தோழர் பலர் உளர். ஒருவர்க்கொருவர் தலைமாட்டில் நிற்க அவர்கள் முன்வருவார்களாக!