ஏப்ரல் 14ம் தீயணைப்பு நிலையத்தின் பதிவேடும்

ஏப்ரல் 14 காலையில் நாம் மாலையோடு அம்பேத்கர் சிலைக்குப் போகும் அதே நேரத்தில், ஊரின் இன்னொரு பக்கத்தில் தீயணைப்பு நிலையத்திலும் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. சீருடையில் வீரர்கள் அணிவகுத்து நிற்கிறார்கள், மலர்வளையம் வைக்கிறார்கள், மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள். அன்று தொடங்கி 20ஆம் தேதி வரை 'தீத்தொண்டு வாரம்'. பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் செயல்விளக்கம், துண்டறிக்கை. தாலுகா தலைநகரான எந்தச் சின்ன ஊரிலும் இதைப் பார்க்கலாம்.

அந்த அஞ்சலி யாருக்கு? 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல் துறையில் 'ஃபோர்ட் ஸ்டைக்கீன்' என்ற சரக்குக் கப்பல் நின்றிருந்தது. உள்ளே பருத்தி மூட்டைகள். அவற்றோடு சுமார் 1,400 டன் வெடிபொருள். போர்க்காலம் என்பதால் அப்படி ஏற்றியிருந்தார்கள். பருத்தியில் பற்றிய தீயை அணைக்கப் போனவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கப்பல் வெடித்துச் சிதறியது. இறந்த பல நூறு பேரில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். பாபாசாகேப்புக்கு அன்று 53 வயது நிறைந்தது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் அப்போது தொழிலாளர் துறை உறுப்பினர்.

இரண்டு நிகழ்வுகளும் ஒரே தேதியில் வந்தது தற்செயல்தான். ஆனாலும் இவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். தீயணைப்பு நிலையத்தின் ஓராண்டு வேலையை அம்பேத்கரியக் கண்ணோடு படித்தால், 'விபத்து' என்று நமக்குச் சொல்லித் தரப்பட்டதில் எவ்வளவு வரலாறு அடங்கியிருக்கிறது என்று தெரியும்.

சிறுநகர நிலையத்தின் ஆண்டு கோடையில்தான் சூடுபிடிக்கும். மார்ச் முதல் ஜூன் வரை வைக்கோல் போர், தரிசுப் புல், கரும்புத் தோட்டம், குடிசை. பிறகு கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு. தீபாவளி இரவில் கூரைமேல் விழுந்த ராக்கெட். வடகிழக்குப் பருவமழையில் சாய்ந்த மரம், வெள்ளத்தில் சிக்கியவர்கள். ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும். அழைப்பு வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், இடம், காரணம், சேத மதிப்பு. சாதிக்கென்று அதில் பத்தி கிடையாது. ஆனால் 'இடம்' என்ற பத்தியை ஒரு வருடத்துக்கு வரிசையாகப் படித்துப் பாருங்கள். காலனி, அருந்ததியர் தெரு, நத்தம் புறம்போக்கு, ஏரிக்கரை. எங்கே ஓலைக் கூரை இருக்கிறதோ அங்கே தீ இருக்கிறது. ஓலைக் கூரையின் கீழ் யாரை இந்தச் சமூகம் வைத்திருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

'அடுப்புத் தீப்பொறி', 'மின்கசிவு' என்று காரணம் எழுதுவார்கள். பொய் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் பற்றிய தீ ஏன் வரிசையாகப் பத்து வீடுகளைத் தின்றது? வீட்டுமனை கொடுக்காமல் ஒரே துண்டு நிலத்தில் நெருக்கி வைத்ததால். வண்டி ஏன் தெருவுக்குள் வரவில்லை? சேரிக்கு விட்ட பாதை அவ்வளவுதான் அகலம் என்பதால். ஒரு தீயணைப்பு வண்டி சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் கொண்டு வரும். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பிறகு பக்கத்தில் இருக்கும் நீர்நிலையைத்தான் நம்ப வேண்டும். 1927இல் மகாத் குளத்தில் பாபாசாகேப் தண்ணீரை அள்ளிக் குடித்தார். தண்ணீர் உரிமை தாகத்தோடு முடிவதில்லை. தீ பிடிக்கும்போது குளம் யார் பக்கம் இருக்கிறது என்பதும் அதே உரிமையின் கேள்விதான்.

தானாகப் பற்றிய தீயைப் பற்றியே இவ்வளவு. வைத்த தீயும் நம் வரலாற்றில் இருக்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் அடைக்கலம் தேடி ஒரே குடிசைக்குள் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும் சங்கமாகத் திரண்டதும்தான் அவர்கள் செய்த குற்றம். கீழ்நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். 44 ஆண்டுகள் கழித்து, 2012 நவம்பர் 7 அன்று, தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. ஒரு சாதி மறுப்புத் திருமணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அங்கே எரிந்தவற்றில் கான்கிரீட் வீடுகளும் உண்டு. பெங்களூரில் கூலி வேலை செய்து கட்டிய வீடுகள். சாலையில் மரங்களை வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். எவ்வளவு நல்ல வண்டியும் எவ்வளவு தைரியமான வீரரும் அந்த மரத்தைத் தாண்டி வர முடியாது. கொளுத்தியவர்களுக்கு அது தெரியும்.

குடிசையைக் கான்கிரீட் ஆக்கும் அரசுத் திட்டங்கள் அவசியம். ஆனால் நத்தம் ஒன்றைச் சொல்கிறது. கூரை மாறினால் தீப்பொறி தோற்கும், சாதி தோற்காது. தலித், பழங்குடியினர் வசிக்கும் வீட்டை அழிக்கும் நோக்கத்தோடு தீ வைப்பவருக்கு ஆயுள் தண்டனை என்று 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(iv) பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை முதல் தகவல் அறிக்கையில் சேர்க்க வைப்பதற்கே நாம் காவல் நிலைய வாசலில் உட்கார வேண்டியிருக்கிறது.

துறையின் முழுப்பெயர் 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை'. அந்த இரண்டாம் பாதிக்கு வருவோம். மலக்குழி, கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடை ஆகியவற்றில் மயங்கி விழுந்தவர்களை மீட்கவும் 101க்குத்தான் அழைப்பு போகிறது. அந்தக் காட்சியை ஒருமுறை நிதானமாக யோசியுங்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு. முதலில் அழுகிய முட்டை நாற்றம். அடர்த்தி கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. முதலில் இறங்கியவர் விழுகிறார். காப்பாற்ற இறங்கும் அண்ணனோ மச்சானோ அவர்மேல் விழுகிறார். பிறகு சிவப்பு வண்டி வருகிறது. வீரர் முதுகில் காற்று உருளை, முகத்தில் கவசம், இடுப்பில் கயிறு, மேலே கயிற்றைப் பிடிக்க ஆள். அவர் இறங்குகிறார், உடல்களோடு ஏறுகிறார், உயிரோடு வீட்டுக்குப் போகிறார்.

அவர் உயிரோடு போக வேண்டும். அதில் நமக்கு எந்தக் குறையும் இல்லை. கேள்வி வேறு. ஒரே குழி, ஒரே விஷவாயு, ஒரே நாள். கருவி இருந்தவர் பிழைத்தார், இல்லாதவர் செத்தார். அந்தக் கருவி அரசிடம் இருக்கிறது, சில கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. பிணத்தை எடுக்க வரும் கருவி, வேலை செய்ய இறங்கியவனுக்கு ஏன் வரவில்லை? இதற்கு விதி என்றோ விபத்து என்றோ பதில் சொல்ல முடியாது. இறங்குபவன் இன்ன சாதிதான் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. அதனால்தான் அவன் உயிருக்கு விலை குறைவு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. 2013 சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைச் சாக்கடையில் இறக்கினால் முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 1993 முதல் எடுத்த கணக்கில் இந்தியாவிலேயே அதிக மலக்குழி மரணங்கள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. எண்ணிக்கை இருநூறைத் தாண்டும். சமூகநீதி மண் என்று மேடையில் பேசுவோர் இந்த எண்ணையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தோழர்களே, வழக்கு நடத்தும் இடத்தில் நமக்கு அடிக்கடி சொல்லப்படுவது "ஆதாரம் இல்லை" என்பது. யார் இறக்கினார்கள், எத்தனை மணிக்கு, கருவி இருந்ததா என்று ஒப்பந்ததாரர் சொல்வதே கடைசியில் எழுத்தாகிறது. ஆனால் அந்த நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்த இன்னொரு அரசுப் பதிவேடு நம் ஊரிலேயே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை. கடந்த பத்து ஆண்டுகளில் உங்கள் நிலையத்துக்கு வந்த குடிசைத் தீ அழைப்புகள், மலக்குழி மீட்பு அழைப்புகள், இடம், நேரம், காரணம், சேத மதிப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் ஊரின் வரைபடத்தில் குறியுங்கள். சேரி எங்கே, பாதை எங்கே, குளம் எங்கே, வண்டி வந்து சேர எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அந்தத் தாள் உங்கள் ஊரின் சாதி வரலாறு. கிராம சபையிலும் நீதிமன்றத்திலும் அதை வைத்துப் பேசலாம்.

உங்களில் பலர் சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நாளை அதே நிலையத்தில் நீங்களே அந்தப் பதிவேட்டை எழுதும் இடத்தில் இருக்கலாம். அப்போது 'காரணம்' என்ற பத்தியில் பேனாவை வைக்கும் முன் ஒரு நொடி நின்று யோசியுங்கள்.

அடுத்த ஏப்ரல் 14க்குச் சிலைக்கு மாலை போட்டுவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு எட்டு போய் வாருங்கள். கடமையில் உயிர் விட்ட அந்த 66 பேருக்கும் மரியாதை செலுத்துங்கள். காற்று உருளை இல்லாமல் குழிக்குள் இறக்கப்பட்ட நம் மக்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவர்களுக்கு மலர்வளையம் வைக்க அரசு நாட்காட்டியில் இதுவரை ஒரு நாளும் இல்லை.

ஜெய்பீம்.